பத்தாம் திகதி

பெரியப்பாவுக்கு மாதம் ஒரு திருநாள் வரும். பத்தாம் திகதி. அன்று காலையிலேயே முகம் வழித்து, இஸ்திரி போட்ட சேர்ட்டுடன் கொழும்பு காலி வீதியில் இறங்கிவிடுவார். ஏ.டி.எம். கார்ட் இருக்கிறது, தொடமாட்டார். வங்கிக்குள் போய், பென்சன் விழுந்ததைப் புத்தகத்தில் பதிந்து கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு வெள்ளவத்தைச் சந்தையில் மீன், தேத்தண்ணிக் கடையில் இரண்டு வடை, அங்கே யார் அகப்பட்டாலும் அவரோடு ஒரு மணித்தியால அரசியல். தபால் திணைக்களத்தில் இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். வயது 80.

அப்பா அவருடைய தம்பி. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் மொத்தமாக விற்கும் ஒரு கடையில் 38 வருஷம் கணக்குப்பிள்ளை. முதல் பதினொரு வருஷம் முதலாளி இ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதியைக் கட்டவேயில்லை. கடை முழுவதற்கும் கணக்கு எழுதிய மனிதர் தன்னுடைய கணக்கைக் கேட்கவில்லை. 2009இல் விலகியபோது கைக்கு வந்தது 11 இலட்சம் சொச்சம். அக்காவின் கல்யாணம், அண்ணனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கொடுத்தது, அம்மாவின் வைத்தியச் செலவு. மூன்று வருஷம்கூட நிற்கவில்லை.

அவர் வீணாகச் செலவழித்தார் என்று யாராவது கருத்து எழுத வந்தால், தயவுசெய்து வேண்டாம். நம் வீடுகளில் 60 வயது மனிதர் கையில் மொத்தமாகக் காசு வந்தால் அது யாருடைய காசு என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது அப்பா என்னோடு இருக்கிறார். சோற்றுக்கோ மருந்துக்கோ குறையில்லை. அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் பேப்பர் வேண்டாம் என்றார், கண் வலிக்கிறதாம். பிறகு கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார், கால் வலியாம். முடி காதை மூடி வளர்ந்தபிறகுதான், அதுவும் நான் சொன்னால்தான், சலூனுக்குப் போவார். வயது போகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒருநாள் வாசலில் நின்று, "தம்பி, ஒரு இருநூறு ரூபா இருக்குமே?" என்றார். நான் போன் பார்த்துக்கொண்டே, "என்னத்துக்கு அப்பா?" என்று கேட்டுவிட்டேன். சாதாரணக் கேள்விதான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் காசு கேட்டதேயில்லை.

நித்திரை வருவதில்லை என்று டொக்டரிடம் கூட்டிப்போனபோது, அவர் பதினைந்து கேள்விகள் கேட்டார். ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். முதியோரின் மனச்சோர்வை அளக்கப் பல நாடுகளில் பாவிக்கும் கேள்வித்தாள் அது. இரண்டாவது கேள்வி: வழக்கமாகச் செய்துவந்த பல விஷயங்களைக் கைவிட்டுவிட்டீர்களா? அப்பா "ஓம்" என்றார். பேப்பரும் கல்யாண வீடுகளும் சலூனும் அப்போதுதான் எனக்கு ஒரே வரிசையில் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் காசு வேண்டும். கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா?

வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். மெக்சிக்கோவில் 2007இல், சிறிய கிராமங்களில் 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் மாதம் 500 பெசோ கணக்கில் பென்சன் கொடுக்கத் தொடங்கினார்கள். முன்பு எதுவும் கட்டியிருக்கத் தேவையில்லை. அதைப் பெற்ற முதியவர்களிடம் இதே வகைக் கேள்விகளைக் கேட்டு ஆராய்ந்தவர்கள், மனச்சோர்வுப் புள்ளி 12 வீதம் குறைந்ததாகக் கண்டிருக்கிறார்கள். காசு எவ்வளவு என்பதைவிட அது எப்படி வருகிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் ஆட்களுக்கு இது புரிய ஓர் உதாரணம் போதும். வெள்ளவத்தை மாடி வீடுகளில் எத்தனை அம்மா அப்பாமாருக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மாதாமாதம் பணம் வருகிறது? பெரியப்பாவின் பென்சனைவிடப் பலருக்கு அதிகமாகவே வரும். ஆனாலும் அந்த வீடுகளில் மாதக் கடைசியில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பிள்ளைக்கு வேலை போய்விட்டதோ, மருமகளுக்குக் கோபமோ என்ற யோசனை. வந்ததும் நன்றி சொல்ல வேண்டும், எதற்குச் செலவழித்தோம் என்றும் சொல்ல வேண்டும். பெரியப்பா யாருக்கும் நன்றி சொல்வதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம் போனபோது அவருடைய பென்சனும் கரைந்தது, மீனை நிறுத்திக் கருவாட்டுக்கு வந்தார். ஆனால் நாள் முழுக்க அரசாங்கத்தைத் திட்டினார். அப்பா யாரையும் திட்டவில்லை. பிள்ளை போடும் சோற்றைத் தின்றுகொண்டு எவரைத் திட்டுவது?

பென்சன்காரர் வருஷா வருஷம் கிராம உத்தியோகத்தரிடம் போய், தான் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும். பெரியப்பாவுக்கு அது பெரிய பகிடி. அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று எந்தக் கந்தோரும் கேட்டதில்லை.

முதியோர் கொடுப்பனவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 70 வயதைக் கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு. 3,000 ரூபாவாக இருந்தது 2025இல் 5,000 ஆனது நல்ல விஷயம். ஆனால் குடும்பக் கணக்கைப் பார்த்தால் அப்பா ஏழையில்லை. அதில் தெரிவது என் சம்பளம். அவருடைய சட்டைப்பைக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன், வயதை மட்டும் பார்த்து, அவரவர் பெயரில், எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். வசதியானவனுக்கும் போகுமே என்றால் போகட்டும். அவனிடம் வரியாகத் திருப்பி எடுக்க வழியிருக்கிறது.

சரி, தனியார் துறைக்குப் பென்சன் என்று கேட்டால் ஏன் தொழிலாளர்களே பயப்படுகிறார்கள்? 2011 மே மாதம் கட்டுநாயக்காவில் நடந்ததை மறந்துவிட முடியாது. அரசாங்கம் கொண்டுவந்த ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து வர்த்தக வலயத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். பொலிஸ் சுட்டதில் ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி இறந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. எங்கள் காசை எடுத்து என்ன செய்வீர்கள் என்ற அந்தக் கேள்வி நியாயமானது. அப்பா அங்கே இருந்திருந்தால் அவரும் மொத்தமாகத் தா என்றுதான் கேட்டிருப்பார். ஆகவே சேமலாப நிதியில் கை வைக்காமல், திறைசேரியிலிருந்து வரும் பென்சனைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

காசு வந்தால் எல்லா மனக்கவலையும் தீரும் என்று சொல்ல வரவில்லை. பென்சன் எடுத்தும் நான்கு சுவருக்குள் தனியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். மனநலம் என்றாலே மனநல ஆஸ்பத்திரி இருக்கும் அங்கொடையைச் சொல்லிப் பகிடி பண்ணும் ஊரில் அவர்கள் வாய் திறப்பதும் இல்லை. மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்த நேரமும் அழைத்துப் பேசலாம் என்பதாவது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியட்டும்.

நான் செய்தது ஒரு சின்னத் தந்திரம். அப்பாவின் பெயரில் கணக்குத் திறந்து, ஒவ்வொரு பத்தாம் திகதியும் என் சம்பளக் கணக்கிலிருந்து 8,000 ரூபா தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்தேன். இப்போது அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்தே வங்கிக்குப் போகிறார்கள். வடைக்குக் காசு கொடுப்பது இன்னமும் பெரியப்பாதான்.

போன கிழமை அப்பாவின் புத்தகத்தைப் பார்த்தேன். ஏழு மாதத்தில் ஒரே ஒரு தடவை எடுத்திருக்கிறார், 1,000 ரூபா. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அது உன்ர காசுதானே தம்பி. பிள்ளையின்ர டியூஷனுக்கு வைச்சிருக்கிறன்."