பீல்டு மார்ஷல் ஓய்வுப் பரிசு அல்ல

"தரைப்படைத் தளபதியாக ஓய்வு பெறுபவர்களுக்கு மரியாதைக்காக பீல்டு மார்ஷல் பட்டம் கொடுப்பார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு வழக்கமே கிடையாது. பீல்டு மார்ஷல் என்பது தரைப்படையின் மிக உயர்ந்த, ஐந்து நட்சத்திரப் பதவி. இந்தியாவில் இதுவரை அந்தப் பதவி பெற்றவர்கள் இரண்டே பேர். மானெக்‌ஷாவுக்கு 1973 ஜனவரியில், தளபதி பொறுப்பிலிருந்து விலகுவதற்குச் சில நாட்கள் முன்பு, பணியில் இருக்கும்போதே வந்தது. இன்னொருவரான கரியப்பா, தளபதி பொறுப்பிலிருந்து 1953-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்குக் கிடைத்தது 1986-இல்! இதை எப்படி வழியனுப்புப் பரிசு என்பது?

அப்புறம், பீல்டு மார்ஷலுக்கு ஓய்வே இல்லை. சாகும்வரை பணியில் இருப்பவராகத்தான் கணக்கு. விமானப்படையில் இதற்கு இணையான ஐந்து நட்சத்திரப் பதவி அர்ஜன் சிங் ஒருவருக்குத்தான், அதுவும் 2002-இல். மற்ற இந்தியத் தரைப்படைத் தளபதிகள் எல்லாம் ஜெனரல் என்ற நான்கு நட்சத்திரப் பதவியோடுதான் விடைபெற்றார்கள்.