கையெழுத்துக்கு மட்டும்தானா நாங்கள்?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊராட்சியில் இந்த அக்டோபர் 2 அன்றும் கிராமசபை நடந்தது. நடந்தது என்று சொல்லவே வயிறு எரிகிறது.

உள்ளே நுழைந்ததும் வருகைப் பதிவேட்டை நீட்டுகிறார்கள். "முதலில் கையெழுத்துப் போடுங்கள் அம்மா, பிறகு பேசலாம்." எனக்கு முன்னால் நின்ற அக்கா, தேயிலைக் கறை போகாத விரல்களால் பேனாவை இறுக்கிப் பிடித்து, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார். சாரல் மழையில் மேடேறி நடந்தே வந்தவர். அவர் கேட்க வந்தது ஒன்றே ஒன்று: வீட்டுக்குப் பின்னால் சரிந்து கிடக்கும் தடுப்புச்சுவர். 2009 நவம்பர் நிலச்சரிவில் 40 உயிர்களுக்கு மேல் பறிகொடுத்த மாவட்டத்தில் இது சின்ன விஷயமா? அவர் வாய் திறப்பதற்குள் தீர்மானங்களை மளமளவென்று வாசித்து முடித்துவிட்டார்கள். அத்தனையும் முன்பே எழுதி வைத்தவை.

வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராமசபை உறுப்பினர் என்கிறது 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்கள் 2022-இல் ஆறாயின. மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். கூட்டம் கூடியது, கேட்கும் காது கூடவில்லையே! செலவுக் கணக்கைக் கேட்டால், "அலுவலகத்துக்கு வந்து பாருங்கள்" என்கிறார்கள். ஊர் நடுவே வாசிக்க வேண்டிய கணக்கல்லவா அது?

நவம்பர் 1 அன்று அந்த அக்காவோடுதான் போகப்போகிறேன். தடுப்புச்சுவர் தீர்மானப் புத்தகத்தில் ஏறாமல் நாங்கள் இருவரும் எழுந்து வர மாட்டோம்.