உட்கார ஒரு திண்டு கிடையாதா இந்த ஊரில்?

பெங்களூர் பிரிகேட் ரோட்டில் காசு கொடுக்காமல் ஐந்து நிமிடம் உட்கார ஓர் இடம் காட்டுங்கள், பார்க்கலாம். அல்சூரிலிருந்து மெட்ரோவில் இரண்டே ஸ்டேஷன் என்று அம்மாவைக் கூட்டிப்போனேன். முட்டி வலி அவருக்கு. ஒரு கட்டட வாசலில் இருந்த கிரானைட் திண்டில் உட்கார்ந்ததுதான் தாமதம், செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். "இங்க உட்காரக் கூடாதும்மா, சார் திட்டுவாரு." கிருஷ்ணகிரிக்காரர், பாவம், அவர்மேல் கோபமில்லை. அடுத்த கட்டடத்தில் விசிலுக்கும் வேலையில்லை. திண்டு முழுக்க இரும்பு முள். புறாவுக்காம்! எந்தப் புறா முழங்கால் உயரத்தில் வந்து குந்துகிறது?

மெட்ரோ பாலத்தடியில் ரங்கோலி கலை மையம் இருக்கிறதே, அங்கே உட்காரலாமே என்பீர்கள். இருக்கிறது. கடையும் கூட்டமும் இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம். நடுவில் பாயும் எம்.ஜி. ரோட்டை அம்மா எப்படித் தாண்டுவார்?

சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு வருவோம். கல் பதித்து அழகாக்கி 2018இல் திறந்தார்கள். 2020 நவம்பரிலிருந்து சில மாதம் சனி, ஞாயிறுகளில் வண்டிகளை நிறுத்தியும் பார்த்தார்கள். ஜனம் நடுத்தெருவில் நின்று அரட்டை அடித்தது, குழந்தைகள் ஓடின. அப்புறம்? பழையபடி கார்கள். வண்டியை மறித்தால் ஊரே முடங்கிவிடுமாம். எங்கள் அல்சூரில் சோமேஸ்வரர் பல்லக்குத் திருவிழாவுக்குத் தெருவே ஜனத்தின் கைக்கு வந்துவிடுகிறது. விடிய விடியப் பூப்பல்லக்குகள், வழியெங்கும் கூட்டம். எந்த ஊர் முடங்கிப்போனது? மறுநாள் எல்லாரும் ஆபீஸ் போகத்தான் செய்கிறார்கள்.

விதிகளுக்குக் குறைச்சல் இல்லை. நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று, சாலைகளுக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012லேயே எழுதி வைத்துவிட்டது. நடைபாதை உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. எங்கள் தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று பாதி நடைபாதையை விழுங்கி நிற்கிறது. மீதியில் ஒரு ஸ்லாப் ஆடுகிறது, காலை வைத்தால் அடியில் சாக்கடை எட்டிப் பார்க்கும். அதையும் தாண்டினால் வரிசையாகப் பைக்குகள்.

நடைபாதையைக் 'காலி' செய்ய ஆட்கள் வராமல் இல்லை, அவ்வப்போது வருகிறார்கள். வந்து, ஓரமாக உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவின் கூடையைத் தூக்கி லாரியில் எறிகிறார்கள். சாலையோர வியாபாரிகளின் பிழைப்பைக் காக்கவென்று 2014இல் தனிச் சட்டமே வந்தாயிற்று. அது இந்தக் 'காலி' செய்கிறவர்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கூடையைத் தூக்கின அந்தக் கை, பக்கத்திலேயே வழியை அடைத்து நிற்கிற புல்லட்டை மட்டும் தொடாது. ஏன் சார், கனமோ?