முகவரி மாறினால் மட்டும் போதாது

"ஜிமெயிலை விட்டுப் புரோட்டான் மெயிலுக்கு மாறிவிட்டால் நம் அஞ்சல் எதையும் கூகுளால் பார்க்க முடியாது" என்கிறீர்கள். புரோட்டான் மெயில் என்பது அஞ்சலை மறையாக்கிக் காக்கும் மின்னஞ்சல் சேவை. அதற்கு மாறியது நல்ல முடிவு. ஆனால் அந்த 'எதையும்' தவறு. நீங்கள் எழுதும் ஆள் ஜிமெயிலில் இருந்தால், அஞ்சலின் ஒரு பிரதி கூகுள் சர்வரில்தான் போய் உட்காரும். புரோட்டானிலிருந்து புரோட்டானுக்குப் போகும்போது முழுவழி மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) தானாக நடக்கும். பெறுநர் முகவரியைத் தட்டியதும் பக்கத்தில் நீலப் பூட்டு வருகிறதா என்று பாருங்கள். ஜிமெயில் முகவரிக்கு அது வராது. ரகசியமான விஷயம் என்றால் கடவுச்சொல் போட்டு அனுப்பலாம், பெறுநருக்கு, கடவுச்சொல் கொடுத்துத் திறக்கும் இணைப்புதான் போகும். அப்புறம், தலைப்பு வரிக்கு அப்போதும் முழுவழி மறையாக்கம் கிடையாது. நோயின் பெயர், கடன் விவரம் எல்லாம் தயவுசெய்து அங்கே எழுதாதீர்கள்.