அம்மாவும் காரைநகர் பஸ் பலகையும்

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு 72 வயது. போன வருடம்தான் ஒரு கண்ணில் வெண்படலம் எடுத்தது. பஸ் ஒன்று வந்து திரும்பி நின்றது. முன்பலகையை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, அது காரைநகரோ?" என்று கேட்டார். எழுத்து சின்னது என்று சொல்ல முடியாது. மஞ்சளில் கறுப்பு, நல்ல மொத்தம். ஆனால் கடைசியில் இருந்த 'கர்' எனக்கே 'கா' மாதிரித்தான் தெரிந்தது. ரகரத்தின் அடியில் சரிந்து இறங்கும் சின்னக் கால் அந்தத் தடிப்புக்குள் அமிழ்ந்துபோயிருந்தது, மேலே புள்ளியும் எழுத்தோடு ஒட்டியிருந்தது. புள்ளியை விட்டால், ரகரத்தையும் அரவையும் (ா) பிரித்துக் காட்ட எங்களிடம் இருப்பது அந்தக் கால் ஒன்றுதான்.

12 வருடமாகப் பதாகை, நோட்டீஸ், பெயர்ப்பலகை என்று எழுத்தோடுதான் என் பிழைப்பு. அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தடிப்பாகவே வரைந்த எழுத்து வேறு, பிறகு தடிக்க வைத்த எழுத்து வேறு. எங்கள் ஊரில் கொழுவியிருப்பதில் நான் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

ஆங்கிலத்தில் எழுத்து நுனிகளில் பாதம் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதை செரிஃப் என்பார்கள். அதை விட்டுவிட்டு வார்த்த முதல் அச்செழுத்து 1816இல், எழுத்து வார்ப்பவரான நான்காம் வில்லியம் காஸ்லனின் மாதிரிப் புத்தகத்தில் வந்தது. வெறும் பெரிய எழுத்துகள் மட்டும். அந்த வகையில் எங்களுக்கு நன்றாகப் பழகிய தடித்த எழுத்துரு இம்பாக்ட். 1965இல் ஜெஃப்ரி லீ வரைந்தது, பிறகு விண்டோஸ் கணினியோடு வீட்டுக்கு வீடு வந்தது. ஒரு அளவுக்குள் முடிந்தளவு மையைக் காகிதத்தில் இறக்க வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். அவ்வளவு மையை இறக்கியும், எழுத்தின் வயிற்றுக்குள் ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்றை விட்டுவைத்திருக்கிறார். எழுத்து உயிரோடு நிற்பது அந்தக் கீற்றில்தான்.

தமிழுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை நிமிர்த்தி நெருக்கி அடுக்கலாம். எங்களுடையது சுழி. மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' என்றுதானே படித்தோம்? சுழிக்குள் வெளிச்சம் போகாவிட்டால் திருமணம் திருமனமாகிவிடும். 'பருத்தித்துறை' என்று ஒருக்கா எழுதிப் பாருங்கள். மேலே இரண்டு புள்ளியும் 'தி'யின் விசிறியும், கீழே 'ரு'வும் 'து'வும் இறங்குகின்றன. ஒரே சொல் மூன்று மாடிக்கு இடம் கேட்கிறது.

பாமினி என்ற தமிழ் எழுத்துரு எங்கள் அச்சகங்களில் இன்றும் ஓடுகிறது. நான் தட்டச்சுப் பழகியதே அதில்தான், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் வாடிக்கையாளர் "இன்னும் மொத்தமாப் போடுங்கோ" என்றதும் போல்டை அமத்துகிறோம். தனியாக வரைந்த தடித்த வடிவம் இல்லாவிட்டால், கணினி இருந்த கோட்டையே பக்கவாட்டில் இழுத்துப் பூசுகிறது. அதுவும் போதாது என்று சுற்றிவர இன்னொரு கோடு. சுழி அடைபடுகிறது, புள்ளி எழுத்தோடு ஒட்டுகிறது. அப்புறம் இடம் காணாது என்று அகலத்தை நெருக்குவோம். நிமிர்ந்த கோடுகள் மெலிந்துபோக, கிடைக்கோடுகள் மட்டும் தடித்தபடி கிடக்கும். பக்கத்தில் இம்பாக்டில் ஆங்கிலம் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும்போது தமிழ் நசிந்துபோய் நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

கையால் பலகை எழுதிய அண்ணைமாருக்கு இது தெரிந்திருந்தது. சின்ன வயதில் எங்கள் சந்தியில் ஒருவர் எழுதுவதை மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். சுழிக்குள் போகும்போது தட்டைத் தூரிகையைத் திருப்பி நுனியால் இழுப்பார். கோடு அங்கே மட்டும் மெலியும்.

இன்னொன்று. மொத்த எழுத்துக்குக் குரல் பெரிது. கடைப்பெயர், பஸ் பலகை, தேர்த்திருவிழா நாள், கிணற்றடி எச்சரிக்கை, எல்லாம் சரி. போன கிழமை 31ஆம் நாள் நினைவஞ்சலி ஒன்று செய்தேன். பேரப்பிள்ளைகளின் பெயர் வரை எல்லாவற்றையும் மொத்த எழுத்தில் கேட்டார் இறந்தவரின் மகன். நான் ஐயாவின் பெயரை மட்டும் தடிப்பில் வைத்து, மற்றதைச் சாதாரண எழுத்தில் விட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பதான் அப்பா தெரியிறார்" என்றார். அதையே அடித்தோம்.

தடிப்புக்கென்றே வரைந்த தமிழ் எழுத்துருக்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. மும்பையின் ஏக் டைப் நிறுவனம் செய்த பலூ தம்பி உருண்டு திரண்டது. ஐஸ்கிறீம் கடைக்கும் முன்பள்ளிக்கும் அவ்வளவு வடிவு, அஞ்சலிக்கு மட்டும் வேண்டாம். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன் 9 தடிப்புகளில் வருகிறது. எங்கள் கட்டுமரம்தான் அந்தப் பெயரில் இருக்கிறது. பெயர்ப்பலகைக்கு நான் முதலில் எடுப்பது அதைத்தான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டமரனில், ஆக மொத்தமானதற்கு ஒரு படி குறைத்து, 'காரைநகர்' என்று எழுதினேன். ரகரத்தின் காலை மட்டும் கையால் கொஞ்சம் நீட்டினேன். பெரிய தாளில் எடுத்துப் படலையில் ஒட்டிவிட்டு, அம்மாவை விறாந்தையில் இருக்கச் சொன்னேன். கண்ணாடி போடாமலே வாசித்தார். கோப்பு என்னிடம் இருக்கிறது, பஸ் பலகை மாற்ற நினைப்பவர்கள் கேட்டால் காசு வாங்காமல் தருவேன். பருத்தித்துறையும் கீரிமலையும் இந்தக் கிழமைக்குள் முடிந்துவிடும்.