குதிரை, எந்திரிச்சு நில்லு!

முந்தாநாள் சாயங்காலம் மகள் டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். முதல் வகுப்பில் சேர்ந்து நாலு மாசம்தான் ஆகிறது. ஒரு கரடி, இரண்டு பொம்மைகள், கால் உடைந்த ஒரு குதிரை எல்லாம் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவள் கையில் என் ஸ்கேல். என்ன பாடம் நடத்தப்போகிறாள் என்று கதவோரம் நின்று கேட்டேன்.

"கையைக் கட்டு. வாயில விரல் வை. யாரு அங்க பேசுறது? குதிரை, எந்திரிச்சு நில்லு!"

அவ்வளவுதான் பாடம். பத்து நிமிஷம் நின்றேன். ஓர் எழுத்து வரவில்லை, ஒரு பாட்டு வரவில்லை. கரடி ஒண்ணுக்குப் போகணும் என்று கேட்டது போலிருக்கிறது. "பெல் அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய டீச்சரைத் திட்ட இதை எழுதவில்லை. ஓர் அறை நிறையப் பிள்ளைகளை என்னிடம் விட்டால் நானும் இதையேதான் கத்துவேன். அதுவும் அரை மணி நேரத்துக்குள். ஆனால் நாலு மாசத்தில் அந்தப் பிள்ளை மனசில் ஆழமாகப் பதிந்தது அசையாமல் உட்காருவது மட்டும்தானா?

கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840-ல் வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃப்ரோபெல். குழந்தைகளின் தோட்டம் என்று அர்த்தம். பந்து, மரக்கட்டை, பாட்டு, செடி வளர்ப்பது, இவைதான் அங்கே பாடம். 1851-ல், அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யா அதைத் தடை செய்தது. மறு வருஷமே மனிதர் இறந்துவிட்டார், 1860-ல் தடை நீங்கியதைப் பார்க்கவில்லை. இன்று தடை எதுவும் இல்லை. பெயர்ப்பலகையில் தோட்டம் இருக்கிறது, உள்ளே மூன்று வயசுப் பிள்ளைக்கு ஹோம்வொர்க் நோட்டு.

பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடம். பெரும்பாலும் முக்கால் மணி நேரப் பாடம், கால் மணி நேரம் வெளியே. "அது சின்ன நாடு, பணக்கார நாடு" என்பார்கள். இருக்கட்டும். பெல்லைக் கொஞ்சம் சீக்கிரம் அடிக்க என்ன செலவு? விளையாட்டு குழந்தையின் உரிமை என்று 1989-லேயே ஐ.நா. உடன்படிக்கையின் 31-வது பிரிவில் எழுதியாயிற்று. நாம் என்னடாவென்றால் பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுத்துவிட்டு, திருப்பி வாங்குவதே இல்லை.

பள்ளியில் சேர்வதற்கு முன்னால் வாசல் படியில் எறும்பு வரிசை பார்த்தபடி அரை மணி நேரம் குந்தியிருப்பாள். நடுவில் விரலை வைத்து, எறும்பு எந்தப் பக்கம் சுற்றிப் போகிறது என்று பார்ப்பாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. போன வாரம் ஷூ மாட்டும்போது அதே இடத்தில் எறும்புகள். குனிந்தாள்.

"வேன் வந்துரும், எந்திரி!"

சொன்னது டீச்சர் இல்லை, நான்.

இன்று டீச்சர் விளையாட்டு ஆரம்பித்ததும் போய்க் கரடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் லேட்டு?"

"எறும்பு பாத்துட்டு இருந்தேன் டீச்சர்."

ஸ்கேலை ஓங்கியவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். அப்புறம் மெதுவாக, "எங்க?" என்றாள்.