60 கிலோ நாய்க்கு 5 சென்டிமீட்டர் மெத்தையா?

உறையில் ‘எக்ஸ்ட்ரா லார்ஜ்’ என்று அச்சடித்துவிட்டால் போதுமா? நீளமும் அகலமும் இருந்தால் அது பெரிய நாய்க்கான மெத்தை ஆகிவிடுமா? கனம் எங்கே ஐயா, கனம்? கிரேட் டேன், மாஸ்டிஃப், செயின்ட் பெர்னார்ட் என்று 60, 70 கிலோ உடம்பு விழுந்து கிடக்கப்போகிற இடத்தில் 5 சென்டிமீட்டர் பஞ்சு! யானைப் பசிக்குச் சோளப்பொறி. படுத்த மறுநொடியே பஞ்சு நசுங்கி முழங்கை எலும்பு தரையில் இடிக்கிறது. இதற்குத் தரையே தேவலை என்று நாய் எழுந்துபோய் டைல்ஸில் சாய்கிறது. உடனே வாங்கினவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது: “திமிரைப் பார்!”

திமிரும் இல்லை, ஒன்றும் இல்லை. பெரிய உடம்புக்கு, அதன் எடையோடு ஒப்பிட்டால், சூட்டை வெளியேற்றும் தோல்பரப்பு குறைவு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்கவும் வியர்க்காது. பாதத்தில் லேசாகக் கசியும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குவதுதான் வழி. அதனால்தான் முடி குறைந்த அடிவயிற்றைக் குளிர்ந்த தரையில் ஒட்டவைத்து, பின்னங்கால்களைப் பின்னால் நீட்டித் தவளை மாதிரி குப்புறக் கிடக்கிறது. இல்லையென்றால் மல்லாந்து நாலு காலையும் ஆகாயத்துக்குத் தூக்கிக்கொள்கிறது. உடம்பு அழுத்துகிற இடத்தில் குழிந்துகொடுக்கும் மெமரி ஃபோம் மெத்தை மூட்டுக்கு நல்லதுதான், ஆனால் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதன் மேல் புசுபுசுவென்று ஓர் உறை வேறு! நியூஃபவுண்ட்லாந்து நாய் ஏற்கெனவே இரண்டடுக்கு ரோமத்தைப் போர்த்திக்கொண்டு திரிகிறது, அதற்கு எதற்கு இன்னொரு கம்பளி?

“சரி, தரையிலேயே கிடக்கட்டும்” என்று விட்டால் வினை அங்கேதான் ஆரம்பம். பெரிய நாய் மெதுவாக உட்கார்ந்து படுக்காது, தொப்பென்று விழும். ஒவ்வொரு முறையும் முழங்கை முனைதான் அடி வாங்குகிறது. முதலில் அங்கே முடி கொட்டித் தோல் தடித்துக் காய்ப்பு ஏறும். அது மட்டும் என்றால் பதற வேண்டாம். அடி தொடர்ந்தால் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் நீர் கோத்து எலுமிச்சை அளவுக்குக் கொழகொழவென்று வீங்கும். அதைப் பார்த்ததும் “ஊசி போட்டு உறிஞ்சி எடுங்கள்” என்று ஒரு கூட்டம் கிளம்பும். இடிக்கிற தரை அப்படியே இருக்க, எடுத்த நீர் மறுபடி ஊறாமல் என்ன செய்யும்? ஊசி வழியாகக் கிருமி உள்ளே போனால் சீழ் வேறு. சின்ன வீக்கமாக இருக்கும்போதே படுக்கையை மெத்தென்று மாற்றினால் பெரும்பாலும் தானே வற்றிவிடும். தொட்டால் சுடுகிறது, வலிக்கிறது, புண்ணாகிவிட்டது என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

40 கிலோவைத் தாண்டிய நாய்க்கு ஃபோம் குறைந்தது 10 சென்டிமீட்டர் கனம் வேண்டும், அதுவும் ஒரே பாளமாக. துண்டு ஃபோம் அடைத்த மெத்தையை நாய் படுப்பதற்கு முன் பிறாண்டிச் சுற்றிச் சுற்றி வந்தே ஓரத்துக்குத் தள்ளிவிடும், நடுவில் குழிதான் மிஞ்சும். வாங்கும்போது ஒற்றை முழங்காலை ஊன்றி உங்கள் முழு எடையையும் இறக்குங்கள். தரை தட்டுகிறதா? திருப்பிக் கொடுங்கள். சுருண்டு தூங்கும்போது அளவெடுப்பது இன்னொரு கூத்து. ஒருக்களித்துக் காலை நீட்டிக் கிடக்கும்போது மூக்கிலிருந்து வால் தொடங்குமிடம் வரை அளந்து, 25 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். உறை மெல்லிய பருத்தியாக இருக்கட்டும், ஜிப் அடிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே நீர் புகாத இன்னோர் உறை கட்டாயம். எச்சில் ஒழுகும் அளவு தெரியும்தானே? வழுக்கும் டைல்ஸில் மெத்தைக்கு அடியிலும், எழுந்து கால் ஊன்றும் இடத்திலும் ரப்பர் விரிப்பு வேண்டும்.

அவ்வளவும் செய்துவிட்டு மெத்தையைக் கொண்டுபோய் ஆளில்லாத மூலையில் போடுகிறார்கள்! நாய் வாசலை அடைத்துக்கொண்டு படுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே காற்று வரும், போகிற வருகிற ஆள் எல்லாம் கண்ணில் படும். வாசலுக்குப் பக்கவாட்டில் போட்டால் அதற்கும் நிம்மதி, உங்கள் முட்டிக்கும் நிம்மதி. கட்டிலில் ஏற்றிக்கொள்பவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை. இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும்: முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து நாலு காலாலும் உங்களை உதைத்துத் தள்ளும்.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். “உட்கார்ந்துகொண்டே தூங்குகிறான், எவ்வளவு அழகு!” என்று போடுகிற வீடியோக்களைத்தான் பொறுக்க முடியவில்லை. தூக்கத்தில் கால் வெட்டி வெட்டி ஓடுவது கனவு, அதைத் தொட்டு உலுக்காமல் விட்டால் போதும். ஆனால் படுக்க மறுத்து, முன்னங்கைகளை அகட்டி, கழுத்தை நீட்டி, உட்கார்ந்தபடியே தலை ஆட்டுகிற நாய்க்கு மூச்சு முட்டுகிறதோ என்று பார்க்க வேண்டாமா? டாபர்மேனுக்கும் கிரேட் டேனுக்கும் இதயத் தசை தளரும் நோய் அடிக்கடி வருவது. நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து 1 நிமிடம் எண்ணுங்கள். வழக்கமாக 30க்குள் இருக்கும். திரும்பத் திரும்ப அதைத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். ராத்திரியில் படுக்க முடியாமல் நடந்துகொண்டே இருக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது, ஓங்கரிக்கிறது, ஆனால் எதுவும் வெளியே வரவில்லை என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அந்த நேரத்தில் வீடியோ எடுக்காதீர்கள், வண்டியை எடுங்கள்.